இரண்டு விகிதங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் நிஜமா, தற்செயலா? மாங்கன்று நர்சரியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் என்றால் மா ஒட்டுச்செடிதான் நினைவுக்கு வரும். பெங்களூரா, அல்போன்சா, நீலம், மல்கோவா என்று ரகம் ரகமாகக் கன்றுகள் கட்டி விற்கிறார்கள். ஒட்டுக் கட்டும் எவருக்கும் வரும் கேள்வி ஒன்று உண்டு: ஒட்டுக் கட்டிய பிறகு மேலே பாலிதீன் கவர் மாட்டினால் கூடுதலாகப் பிழைக்கிறதா, இல்லை மாட்டாமலே விடலாமா?

மாட்டியதில் 78% பிழைத்தது, மாட்டாததில் 67% பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 11 புள்ளி. கவரால் வந்த பலனா இது? அல்லது அதே வேலையை இன்னொரு முறை செய்தால் தலைகீழாகவும் வரக்கூடிய தற்செயலா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முறைதான் இரு மாதிரி விகிதச் சோதனை. கல்லூரியில் புள்ளியியல் படிப்பவர்கள் இதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். சூத்திரத்தைப் போட ஐந்து நிமிடம் போதும். ஆனால் விடை சரியா தவறா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாவதில்லை, கன்றை எண்ணுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இங்கே கணக்குக்குக் கொடுக்கும் அளவு இடத்தைத் தோட்டத்துக்கும் கொடுக்கிறேன்.

கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்கை விளக்க நான் வைத்துக்கொண்டவை. எந்த நர்சரியிலும் எடுத்த புள்ளிவிவரம் அல்ல.

முதலில், எதை எண்ணப் போகிறோம்

"பிழைத்தது" என்றால் என்ன? கேட்கச் சுலபமான கேள்வி, ஆனால் இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வேர்ச்செடியின் தலையை வெட்டி, தண்டின் நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய தாய்க்குச்சியை உள்ளே செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறோம். அதற்கு மேல், குச்சி ஐஸ் ஊற்றும் நீளமான கவரைக் குல்லாய் போலக் கவிழ்த்தால் உள்ளே ஈரம் நிற்கும், குச்சி காயாது. சில வாரங்களில் மொட்டு உடைந்து செம்புநிறத் தளிர் எட்டிப் பார்க்கும். அந்தத் தளிரைப் பார்த்ததும் "பிடித்துவிட்டது" என்று எழுதக் கூடாது. குச்சியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் உணவை வைத்தே தளிர் வந்துவிடும். ஒட்டு உண்மையில் சேரவில்லை என்றால் அது கொஞ்ச நாளில் வாடி, கறுத்து, உதிர்ந்துவிடும். கவருக்குள் ஈரம் இருப்பதால் இப்படிப் பொய்த் தளிர் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். அப்படியிருக்க, சீக்கிரமே எண்ணினால் கவர் போட்ட பக்கம் சும்மாவே ஜெயிக்கும்.

எனவே ஆரம்பிக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "கவரை எடுத்த பிறகும், ஒட்டுக் கட்டிய 90ஆம் நாளில், முற்றிய பச்சை இலையோடு நிற்கும் கன்று பிழைத்தது. மற்றதெல்லாம் பிழைக்காதது." 90 என்பது கட்டாயமில்லை, உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற நாளை வைக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாள், ஒரே அளவுகோல் என்பதுதான் கட்டாயம். முடிந்தால், எது கவர் போட்டது என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். 90ஆம் நாளில் கவர் எதுவும் இருக்காது, பையில் எண் மட்டும் இருந்தால் போதும்.

அப்புறம் இன்னொன்று. நடுவில் செத்த கன்றுகளைக் குப்பையில் போடுவதோடு கணக்கிலிருந்தும் எடுத்துவிடும் பழக்கம் உண்டு. "அது பூஞ்சாணம் வந்து போச்சு, அதைச் சேர்க்க வேண்டாம்" என்பார்கள். கவருக்குள் ஈரம் தங்குவதால் பூஞ்சாணம் வரலாம். அதுவும் கவரின் விளைவுதான். ஒட்டுக் கட்டிய ஒவ்வொரு கன்றும் கடைசிவரை வகுக்கும் எண்ணில் இருக்க வேண்டும். ஒட்டுக் கட்டுவதற்கு முன்பே வேர்ச்செடி காய்ந்துபோயிருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

எந்தக் கன்றுக்குக் கவர்?

இதை யாரும் கையால் தேர்ந்தெடுக்கக் கூடாது. நல்ல தடிமனான வேர்ச்செடிகளாகப் பார்த்துக் கவர் மாட்டிவிட்டு, சோனிகளை வெறுமனே விட்டால் அது கவரைச் சோதித்தது ஆகாது. நிழல்வலைக்கு அடியில் ஓரத்துப் பாத்திகளுக்கு வெயில் கூடுதலாக விழும். ஒரு பாத்தி முழுக்கக் கவர், பக்கத்துப் பாத்தி முழுக்க வெறுமை என்று பிரித்தாலும் தவறுதான். கன்றுக்குக் கன்று பூவா தலையா போடுங்கள், அல்லது சீட்டுக் குலுக்குங்கள். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு போல இருந்தாலும், இரண்டு பக்கத்தையும் சமமாக்க இதைவிட நல்ல வழி கிடையாது. தெரிந்த காரணங்களை மட்டுமல்ல, நமக்குத் தெரியாத காரணங்களையும் இது இரண்டு பக்கமும் கலந்துவிடும்.

ஒட்டுக் கட்டுபவர் ஒருவருக்கு மேல் இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். இதை எண்ணோடு பார்த்தால்தான் உறைக்கும். அனுபவசாலி ஒருவர், புதிதாக வந்தவர் ஒருவர். அனுபவசாலி கவர் போட்டு 40 கட்டினார், 36 பிழைத்தது, அதாவது 90%. கவர் இல்லாமல் 140 கட்டினார், 119 பிழைத்தது, 85%. புதியவர் கவர் போட்டு 160 கட்டினார், 96 பிழைத்தது, 60%. கவர் இல்லாமல் 40 கட்டினார், 20 பிழைத்தது, 50%. இருவர் கையிலும் கவர்தான் மேல். இப்போது இரண்டு பேருடையதையும் கூட்டிப் பாருங்கள். கவர் போட்டது 200க்கு 132, அதாவது 66%. கவர் இல்லாதது 180க்கு 139, அதாவது 77%. மொத்தத்தில் கவர் தோற்றுவிட்டது! இந்த மொத்தத்தை அப்படியே சோதனையில் போட்டால் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.016 வரும். "கவர் போட்டால் கன்று சாகிறது, புள்ளியியல்படி நிரூபணம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடலாம். அத்தனையும் பொய்.

கவரில் பெரும்பகுதியைப் புதியவர் கட்டியதுதான் காரணம். சிம்ப்சன் முரண் என்று இதற்குப் பெயர். தவிர்க்கும் வழி சுலபம்: ஒவ்வொருவர் கையிலும் பாதிக்குக் கவர், பாதிக்கு வெறுமை என்று பிரித்துக் கொடுங்கள். ஏற்கெனவே பிரிவு கோணலாகிவிட்டது என்றால் ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பிரித்துச் சேர்க்கும் காக்ரன்–மேன்டல்–ஹென்சல் சோதனை இருக்கிறது.

கருதுகோளும் மட்டமும்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். இன்மைக் கருதுகோள்: இரண்டு முறையிலும் பிழைக்கும் விகிதம் ஒன்றே. மாற்றுக் கருதுகோள்: ஒன்றல்ல. பி மதிப்பு எதற்குக் கீழே வந்தால் வித்தியாசத்தை "மிகைகாண்", அதாவது தற்செயல் என்று தள்ள முடியாதது, என்று சொல்வோமோ அந்த எல்லைதான் மிகைகாண் மட்டம். அதை 5%, அதாவது 0.05, என்று வைப்பது வழக்கம். 0.05 என்பது வசதிக்காக வந்த பழக்கம், இயற்கை விதி அல்ல. தவறாக முடிவெடுத்தால் நஷ்டம் பெரிது என்றால் 0.01 வைக்கலாம்.

ஒருபக்கச் சோதனையா, இருபக்கச் சோதனையா என்று கேட்பார்கள். "கவர் நல்லதுதான் செய்யும், கெடுக்காது" என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடிந்தால் ஒருபக்கம். பூஞ்சாணத்தைப் பற்றி இப்போதுதான் பேசினோம், ஆகவே அப்படிச் சொல்ல முடியாது. இருபக்கச் சோதனையே வையுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு ஒருபக்கத்துக்கு மாறுவது பி மதிப்பைப் பாதியாக்கிக் காட்டும் ஏமாற்று வேலை.

கணக்கு

நம் எடுத்துக்காட்டு: கவர் போட்டது 200, பிழைத்தது 156. கவர் போடாதது 180, பிழைத்தது 121. சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம், ஒரே ஆள்தான் கட்டினார்.

விகிதங்கள்: 156 ÷ 200 = 0.780. 121 ÷ 180 = 0.672. வித்தியாசம் 0.108.

இனி இன்மைக் கருதுகோள் உண்மை என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அதாவது கவரால் எந்த வேறுபாடும் இல்லை. அப்படியென்றால் 380 கன்றும் ஒரே கூட்டம், பிழைக்கும் விகிதமும் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க இரண்டையும் சேர்த்து வகுக்க வேண்டும்:

கூட்டு விகிதம் = (156 + 121) ÷ (200 + 180) = 277 ÷ 380 = 0.7289

இரண்டு சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. எண்ணிக்கை வேறுவேறாக இருக்கும்போது அது தவறான விடை தரும்.

அடுத்து திட்டப்பிழை. வித்தியாசமே இல்லாத உலகில் இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால், இரண்டு விகிதங்களுக்கு நடுவே தற்செயலாக எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்பதன் அளவு அது.

திட்டப்பிழை = வர்க்கமூலம் [ கூட்டு விகிதம் × (1 − கூட்டு விகிதம்) × (1 ÷ முதல் எண்ணிக்கை + 1 ÷ இரண்டாம் எண்ணிக்கை) ]

0.7289 × 0.2711 = 0.1976
1/200 + 1/180 = 0.005 + 0.00556 = 0.01056
பெருக்கினால் 0.002086
வர்க்கமூலம் 0.0457

இசட் மதிப்பு = வித்தியாசம் ÷ திட்டப்பிழை = 0.1078 ÷ 0.0457 = 2.36

தற்செயலாக வரும் ஆட்டத்தைப் போல 2.36 மடங்கு வித்தியாசத்தை நாம் பார்த்திருக்கிறோம். இருபக்கச் சோதனையில் 5% மட்டத்துக்கு எல்லை 1.96. 1% மட்டத்துக்கு 2.58. நம்முடையது முதல் எல்லையைத் தாண்டுகிறது, இரண்டாவதைத் தாண்டவில்லை.

இயல்நிலைப் பரவல் அட்டவணையில் 2.36க்கு மேல் உள்ள பரப்பு 0.0091. இருபக்கம் என்பதால் இரண்டால் பெருக்கினால் பி மதிப்பு 0.018. எக்செல்லில் நார்ம்.எஸ்.டிஸ்ட் என்ற சூத்திரம் 2.36க்குக் கீழே உள்ள பரப்பைத் தரும். அதை 1இலிருந்து கழித்து இரண்டால் பெருக்குங்கள்.

இதையே 2 × 2 அட்டவணையாகப் போட்டு, கார்ல் பியர்சன் 1900இல் கொடுத்த கை-வர்க்கச் சோதனையும் செய்யலாம். விடை 5.57 வரும். 2.36இன் வர்க்கம் 5.57. இரண்டும் ஒரே சோதனை, உடுப்புதான் வேறு. தேர்வில் "இசட் சோதனை செய்க", "கை-வர்க்கச் சோதனை செய்க" என்று தனித்தனிப் பாடமாக வருவதால் இந்த உறவு மாணவர்கள் கண்ணில் படாமலே போகிறது. நாம் போட்ட இந்த இசட், சி. ஆர். ராவ் 1948இல் வகுத்த பொதுவான ஸ்கோர் சோதனையின் ஒரு சிறப்பு வடிவமும்கூட. அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்து ஹடகலியில் 1920இல் பிறந்தவர் அவர். உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறையில் நம் பக்கத்து மனிதர் ஒருவரின் பெயர் நிற்கிறது என்பதைப் புள்ளியியல் வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

0.018 என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

கவர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று இருந்தால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர 1.8% வாய்ப்பு உண்டு. இவ்வளவுதான் அது சொல்வது. "கவர் நல்லது என்பதற்கு 98.2% வாய்ப்பு" என்று பொருள் இல்லை. "வித்தியாசம் பெரியது" என்றும் பொருள் இல்லை.

இரண்டாவதை விளக்க ஒரு கணக்கு. 20 கன்றில் 16, 20 கன்றில் 12. அதாவது 80%க்கு 60%. வித்தியாசம் 20 புள்ளி, நம் எடுத்துக்காட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இசட் 1.38தான் வருகிறது, பி மதிப்பு 0.17. மிகைகாண் அல்ல. அதே 80%க்கு 60% 200க்கு 160, 200க்கு 120 என்று வந்தால் இசட் 4.36. சதவீதம் மட்டும் சொல்லி எண்ணிக்கை சொல்லாத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள், அது உர விளம்பரமாக இருந்தாலும் சரி, பள்ளித் தேர்ச்சி விகிதமாக இருந்தாலும் சரி.

நர்சரிக்காரருக்குப் பி மதிப்பால் நேரடிப் பயன் குறைவு. கவர் மாட்டக் காசு ஆகும், மாட்டவும் கழற்றவும் கூலி ஆகும். "ஆயிரம் கன்றுக்கு எத்தனை கூடுதலாகக் கிடைக்கும்?" என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு 95% நம்பிக்கை இடைவெளி வேண்டும், அதாவது உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் வரம்பு.

இங்கே திட்டப்பிழையைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். வித்தியாசம் இல்லை என்ற அனுமானத்தை இப்போது விட்டுவிட்டோம், அதனால் கூட்டு விகிதம் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுங்கள்:

0.780 × 0.220 ÷ 200 = 0.000858
0.672 × 0.328 ÷ 180 = 0.001224
கூட்டினால் 0.002082, வர்க்கமூலம் 0.0456
1.96 × 0.0456 = 0.0894

0.1078 − 0.0894 = 0.018 முதல் 0.1078 + 0.0894 = 0.197 வரை. அதாவது 1.8 புள்ளியிலிருந்து 19.7 புள்ளி வரை. ஆயிரம் கன்றுக்கு 18 கன்று கூடுதலாகவும் இருக்கலாம், 197 கன்றாகவும் இருக்கலாம். கவர் மாட்டும் செலவு ஆயிரத்துக்கு 15 கன்றின் விலைக்குள் அடங்கினால் தயங்காமல் மாட்டலாம். 60 கன்றின் விலை ஆகும் என்றால் இந்தச் சோதனை இன்னும் பதில் சொல்லவில்லை, கூடுதல் கன்றுகளோடு மறுபடி பார்க்க வேண்டும். "மிகைகாண்" என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டு நிலையையும் பிரித்துக் காட்டாது. ஆய்வறிக்கை எழுதும் பிள்ளைகளிடம் நான் விடாமல் வற்புறுத்துவது இதைத்தான்: பி மதிப்பு மட்டும் எழுதி இடைவெளியை விட்டால் வேலை பாதியில் நிற்கிறது.

எண்ணிக்கை சின்னதாக இருந்தால்

இசட் சோதனை ஒரு தோராயம். பிழைத்தது, பிழைக்காதது என்ற இரண்டு பெட்டியிலும், இரண்டு பக்கமும், எதிர்பார்க்கும் எண்ணிக்கை (கவரால் வேறுபாடே இல்லை என்றால் கூட்டு விகிதப்படி வர வேண்டியது) குறைந்தது 5 இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 10 இருந்தால் நிம்மதி. நம் எடுத்துக்காட்டில் மிகச் சிறியதே 48.8, கவலை இல்லை.

ஆனால் 8 கன்றில் 7, 8 கன்றில் 3 என்று வந்தால்? இசட் போட்டால் 2.07, பி மதிப்பு 0.039. மிகைகாண் என்று குதிக்கத் தோன்றும். எதிர்பார்க்கும் எண்ணிக்கையைப் பாருங்கள்: மொத்தம் 16இல் 6 பிழைக்கவில்லை, ஆக ஒவ்வொரு பக்கமும் 3. விதி உடைந்துவிட்டது. இங்கே ஃபிஷரின் துல்லியச் சோதனை வேண்டும்.

அதன் கருத்து அழகானது, கையாலேயே போடலாம். 16 கன்றில் 10 பிழைத்தது. கவருக்கு எந்த விளைவும் இல்லை என்றால், அந்த 10 எந்த 10ஆக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். 16இலிருந்து 10ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 8,008. அதில் கவர் பக்கம் 7, மறுபக்கம் 3 என்று அமையும் வழிகள் 8 × 56 = 448. கவர் பக்கம் 8, மறுபக்கம் 2 என்று இன்னும் கோணலாக அமையும் வழிகள் 1 × 28 = 28. இரண்டும் சேர்ந்து 476. எதிர்ப்பக்கமும் அதே 476. மொத்தம் 952 ÷ 8,008 = 0.119. மிகைகாண் அல்ல. தோராயம் 0.039 சொன்ன இடத்தில் துல்லியக் கணக்கு 0.119 சொல்கிறது. ஒரே எண்கள், இரண்டு எதிரெதிரான முடிவுகள்.

சின்ன எண்ணிக்கைக்கு நம்பிக்கை இடைவெளி வேண்டுமென்றால் அக்ரெஸ்டியும் கஃப்போவும் 2000இல் சொன்ன எளிய வழி உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பிழைத்தது ஒன்று, பிழைக்காதது ஒன்று கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு மேலே செய்த அதே கணக்கைப் போடுங்கள். 7/8 என்பது 8/10 ஆகும், 3/8 என்பது 4/10 ஆகும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இடைவெளி நம்பகமாக அமைகிறது.

கணினி வேறு விடை தந்தால்

ஆர் மென்பொருளில் ப்ராப்.டெஸ்ட் கட்டளைக்கு 156, 121, 200, 180 கொடுத்தால் பி மதிப்பு 0.018 வராது, 0.025 வரும். கையால் போட்டது தவறோ என்று மாணவர்கள் பயந்துவிடுகிறார்கள். தவறில்லை. அந்தக் கட்டளை, கேட்காமலே யேட்ஸ் திருத்தத்தைச் சேர்த்துவிடுகிறது. ஃபிராங்க் யேட்ஸ் 1934இல் தந்த திருத்தம் அது. முழு எண்களாக வரும் எண்ணிக்கையைத் தொடர்ச்சியான வளைகோட்டோடு பொருத்தும்போது அரை எண்ணைக் கழிப்பார்கள். திருத்தம் வேண்டாம் என்று அணைத்துவிட்டால் 0.018 வந்துவிடும், இசட்டுக்குப் பதிலாக அதன் வர்க்கமான 5.57 திரையில் தெரியும். பைதானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தொகுப்பில் உள்ள விகித இசட் சோதனை திருத்தம் இல்லாமலே தரும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால் குழப்பமில்லை.

இந்தச் சோதனை பொருந்தாத இடங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பெரிய தொழில். மாணவர்கள் ஆய்வுக்கு விரும்பி எடுக்கும் தலைப்பும் அதுதான். ஒரு தட்டில் 500 புழு, அதற்கு ஒரு கிருமிநாசினி. இன்னொரு தட்டில் 500 புழு, அதற்கு வேறொன்று. பால் புழு நோய் வந்து செத்தவற்றை எண்ணி 500க்கு 500 என்று இசட் சோதனை போடுகிறார்கள். பி மதிப்பில் தசமத்துக்குப் பிறகு சுழியமாக வரும். ஆனால் அங்கே மாதிரியின் அளவு 500 இல்லை. ஒரே தட்டில் ஒரு புழுவுக்கு நோய் வந்தால் பக்கத்துப் புழுவுக்கும் தொற்றும். ஒரு புழு சாவது இன்னொன்று சாவதைப் பாதிக்கிறது. சோதனையின் அடிப்படையே ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல் இருக்க வேண்டும் என்பதுதான். மருந்து தெளித்தது தட்டுக்கு, ஆகவே எண்ண வேண்டியதும் தட்டைத்தான். பக்கத்துக்கு ஒரு தட்டு என்றால் உங்கள் மாதிரி அளவு ஒன்றும் ஒன்றும்தான். பத்துப் பத்துத் தட்டு வைத்து, தட்டுக்கு ஒரு சதவீதம் எடுத்து, அந்தச் சதவீதங்களை ஒப்பிட வேண்டும்.

ஃபுளோரைடு விஷயமும் இப்படித்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதனால் பல்லில் பழுப்புக் கறை விழும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பிரச்சினைக்காகவே வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைத்தார்கள். காவிரி நீர் வந்த ஊர்ப் பள்ளியில் கறைப் பல் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், போர் தண்ணீரையே குடிக்கும் ஊர்ப் பள்ளியில் எத்தனை பேர் என்று ஒப்பிடுவது நல்ல ஆய்வுதான். ஆனால் ஒரே போர் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகள் தட்டில் உள்ள புழுக்களைப் போலத்தான், சாராத தனித்தனி மாதிரிகள் அல்ல. இரண்டே இரண்டு ஊரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வயதும் முக்கியம். நிலைப் பற்களில் முன்னால் தெரிபவற்றின் எனாமல் சிறுவயதிலேயே உருவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் விழுந்த கறை போகாது. திட்டம் வந்தபோது 12 வயதாக இருந்த பிள்ளைகளை எடுத்து, "இரு ஊருக்கும் மிகைகாண் வித்தியாசம் இல்லை, திட்டத்தால் பயனில்லை" என்று எழுதினால் அது அந்தத் தண்ணீருக்கும் அதற்காகக் காத்திருந்த மக்களுக்கும் செய்யும் அநியாயம். வித்தியாசத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது வேறு, வித்தியாசம் இல்லை என்பது வேறு.

அதே பிள்ளைகளை முன்பு ஒருமுறை, பிறகு ஒருமுறை கேட்டால் இந்தச் சோதனை வேண்டாம். பல் துலக்குவது பற்றி வகுப்பு எடுப்பதற்கு முன் எத்தனை பேர் இரவிலும் துலக்கினார்கள், பிறகு எத்தனை பேர் என்பது போன்ற கேள்விக்கு மெக்நெமர் 1947இல் தந்த சோதனை இருக்கிறது. மாறியவர்களை மட்டும் எண்ணும் சோதனை அது.

பத்து ரகத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் கவர் சோதனை செய்தால், எதிலும் விளைவே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று 0.05க்குக் கீழே வர 40% வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் எடுத்து எழுதக் கூடாது. பத்தும் எழுதுங்கள், மட்டத்தைப் பத்தால் வகுத்து 0.005 ஆக வையுங்கள்.

எத்தனை கன்று வேண்டும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே உள்ள கணக்கு புரிந்தால்தான் இது புரியும். செய்யும்போது இதுதான் முதல் வேலை.

மூன்று விஷயம் வேண்டும். இப்போதைய விகிதம் சுமார் எவ்வளவு, எவ்வளவு முன்னேற்றம் வந்தால் உங்களுக்குப் பயன், அந்த முன்னேற்றம் உண்மையாகவே இருந்தால் அதைக் கண்டுபிடிக்க எத்தனை சதவீத வாய்ப்பு வேண்டும். கடைசிக்கு 80% வைப்பது வழக்கம். 5% இருபக்க மட்டத்துக்கு:

ஒரு பக்கத்துக்கு எண்ணிக்கை = 7.84 × [ முதல் விகிதம் × (1 − முதல் விகிதம்) + இரண்டாம் விகிதம் × (1 − இரண்டாம் விகிதம்) ] ÷ வித்தியாசத்தின் வர்க்கம்

7.84 என்பது (1.96 + 0.84)இன் வர்க்கம். 70%இலிருந்து 80% ஆனால் போதும் என்றால்: 7.84 × (0.21 + 0.16) ÷ 0.01 = 290. பக்கத்துக்குச் சுமார் 290 கன்று. 70%இலிருந்து 75% ஆனாலே லாபம் என்றால்: 7.84 × (0.21 + 0.1875) ÷ 0.0025 = 1,247. தேடும் வித்தியாசம் பாதியானால் கன்று நான்கு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. பக்கத்துக்கு 30 கன்று வைத்து 5 புள்ளி வித்தியாசத்தைத் தேடும் ஆய்வு ஆரம்பிக்கும்போதே தோற்றுப்போன ஆய்வு. அதற்குச் செலவாகும் உழைப்பையும் தாய்க்குச்சியையும் மிச்சப்படுத்துவதே மேல்.

எண்ணிக்கை முடிவானதும் அதைத் தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். பாதியில் எட்டிப் பார்த்து, பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்த நாளில் நிறுத்துவது தவறு. பார்க்கப் பார்க்கத் தற்செயல் ஒரு நாள் கோட்டைத் தாண்டத்தான் செய்யும்.

எழுதும் முறை

அறிக்கையில் முடிவு இப்படி இருந்தால் படிப்பவர் எதையும் தேட வேண்டியதில்லை: "பெங்களூரா ஒட்டுக்கன்றுகளில், ஒட்டுக் கட்டிய 90ஆம் நாளில், கவர் போட்ட 200இல் 156 (78.0%), கவர் போடாத 180இல் 121 (67.2%) பிழைத்திருந்தன. கன்றுகள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டன, ஒட்டு முழுவதையும் ஒருவரே கட்டினார். வித்தியாசம் 10.8 புள்ளி, 95% நம்பிக்கை இடைவெளி 1.8 முதல் 19.7 வரை. இருபக்க இசட் சோதனை, கூட்டுத் திட்டப்பிழை, திருத்தம் இல்லை: இசட் 2.36, பி மதிப்பு 0.018."

பக்கத்துக்கு 200 கன்று திட்டமிட்டு மறுபக்கம் 180தான் கட்டினோம் என்றால் மீதி 20 என்ன ஆனது என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்: "20 வேர்ச்செடிகள் ஒட்டுக் கட்டும் முன்பே காய்ந்துவிட்டன."